இலை பார்க்கப் போய் மண்ணைப் பார்த்த கதை

அக்டோபரில் ஹார்வர்ட் காட்டுக்குப் போகிறவர்கள் மேப்பிள் இலைகள் சிவப்பதைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் முதலில் அதற்காகத்தான் போனேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பீட்டர்ஷாம் ஊரில் இருக்கும் இந்தக் காடு 1907 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களம். மரங்களுக்கு நடுவே ஓடும் பழைய கல்சுவர்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் இங்கே விவசாயம் நடந்தது புரியும். ஆனால் வேறு பருவங்களிலும் என்னை அங்கே இழுத்தது இலையும் இல்லை, சுவரும் இல்லை. காலுக்குக் கீழே இருந்த மண்.

காட்டு மண் காற்றிலுள்ள மீத்தேனை உறிஞ்சுகிறது. காற்றில் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குகூட இல்லாத வாயு அது. அதையும் பிடித்துத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. உலகம் முழுக்க மண் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடி டன் மீத்தேனை இப்படி எடுத்துக்கொள்கிறது. அளப்பதும் எளிது. மண்ணில் பதித்த வளையத்தின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே மீத்தேன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள்.

வெயில் ஏறினால் பாக்டீரியாவுக்குப் பசி ஏறும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அங்கே அளந்துகொண்டிருந்த ஆய்வு மாணவி, "சூடு கொஞ்சம்தான். தண்ணீரைப் பாருங்கள்" என்றார். மீத்தேன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் உணவு கீழே போய்ச் சேராது. பாக்டீரியா எவ்வளவு பசியோடு இருந்து என்ன பயன்?

இதைத் தெரிந்துகொண்ட பிறகு காட்டின் காலண்டரே மாறிவிட்டது. பனி உருகும் ஏப்ரலில் எங்கும் சேறு, உறிஞ்சல் மந்தம். பிறகு இலை துளிர்த்து, மரங்கள் நிலத்து நீரைக் குடிக்கத் தொடங்குகின்றன. கோடை முடியும்போது மண் நன்றாகக் காய்ந்து துளைகள் திறக்கும். உச்சம் அப்போதுதான். ஆனால் அளவுக்கு மீறிக் காய்ந்தால் பாக்டீரியாவே சோர்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் மரங்கள் குடிப்பதை நிறுத்த, மண் மறுபடி ஈரமாகிறது. நான் படமெடுக்க ஓடிய அதே சிவப்பு இலைகள் கீழே விழுந்து நனைந்து, ஒட்டிய பாய் போல மண்ணை மூடிவிடுகின்றன. குளிர்காலத்தில் பனிக்கு அடியிலும் உறிஞ்சல் கொஞ்சம் நடக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

அப்புறம், இங்கே 1988இல் தொடங்கிய, மண்ணுக்கு நைட்ரஜன் உரமிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உரமிட்ட மண் மீத்தேனைக் குறைவாக எடுப்பதாக 1989இலேயே எழுதிவிட்டார்கள். மீத்தேனைப் பிடிக்க வேண்டிய பாக்டீரியாவின் நொதியம் (என்சைம்) உரத்திலுள்ள அம்மோனியத்திடமும் போய் மாட்டிக்கொள்வது ஒரு காரணம்.

போக விரும்புகிறவர்களுக்கு என் ஓட்டு ஆகஸ்ட் கடைசிக்குத்தான். ஏப்ரலில் போனால் சேற்றுக்கு ஏற்ற காலணி கட்டாயம். எப்போது போனாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்டு இறுகிய மண்ணுக்குள் காற்று புகுவது கடினம், அந்த இடத்தில் மீத்தேன் உறிஞ்சலும் குறைந்துவிடும்.