மூன்றாம் வருஷம் சரியாக வந்த உப்புக்கண்டம்

நேற்று மத்தியானம் மொட்டை மாடிக் கொடியில் காயும் உப்புக் கறிச் சரத்திலிருந்து ஒரு துண்டை உருவி வளைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வளைந்து, டக்கென்று முறிந்தது. முறிந்த இடத்தில் ஈரமே இல்லை. மேலிருந்து நடு வரைக்கும் ஒரே கருஞ்சிவப்பு. கீழே ஓடிப்போய் என் பாட்டி, நன்னியிடம் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "ம்ம், இது கண்டம்" என்றார். இந்த ஒரு சொல்லுக்குத்தான் மூன்று ஹஜ்ஜுப் பெருநாளாகக் காத்திருந்தேன்.

இந்த வருஷம், 2025இல், பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை. பெருநாளுக்குப் பலி கொடுத்த குர்பானிக் கறியை மூன்று பங்கு வைத்து, சொந்தக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போக வேண்டியதைக் கொடுத்து முடித்தோம். ஆனால் நாம் கொடுத்த வீடுகளிலிருந்தும் பை பையாகக் கறி வந்துவிடுமே. தலை, கால், குடல் அன்றைக்கே அடுப்பேறின. ஃப்ரீசர் மூட முடியாத அளவுக்கு நிறைந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது என்பதால், தொடைக்கறியில் 2 கிலோவை எலும்பில்லாமல் தனியாக எடுத்து வைத்தேன்.

முதல் வருஷம், 2023இல், கறியைப் பெரிய துண்டாக வெட்டிச் சொளகில் பரப்பினேன். மேலே ஓடு மாதிரி காய்ந்துவிட்டது, உள்ளே பச்சை. மேல்பக்கம் சீக்கிரம் இறுகிவிட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியே வர வழியே இல்லை. நாலாம் நாள் வாடை வந்து அத்தனையும் கொட்டினோம். 2024இல் மெல்லிசாக வெட்டிச் சணலில் கோத்தேன். சணல் நார் கறியோடு ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய தப்பு, தூறலுக்குப் பயந்து ராத்திரி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியது. காலையில் ஷீட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. ரெண்டே நாளில் பூசணம். குர்பானிக் கறியைக் குப்பையில் போடுவது மனசை அறுக்கும் வேலை. ரெண்டு வருஷமும் அது பொறுக்காமல்தான் மறுபடி இறங்கினேன்.

இந்தத் தடவை முழுக் கவனமும் வெட்டுவதன் மேல்தான். சாணை பிடிக்கிறவர் தெருவுக்குள் வருவது குறைந்துவிட்டதால், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க் கத்தியைக் கொடுத்துத் தீட்டி வாங்கினேன். கறியை வெறுமனே வெட்டினால் வழுக்கும், ஒரு முனை தடியாகவும் மறு முனை தாளாகவும் வரும். ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைத்து, கட்டியாக உறையாமல் விறைப்பு மட்டும் ஏறியதும் எடுத்தால் கத்தி சொன்னபடி போகும். நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டினால் கோக்கும்போதே பிய்ந்துவிடுகிறது. நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்ட வேண்டும். தடிமன் சுண்டு விரலில் பாதி, நீளம் ஒரு சாண். தடியாகத் தெரிந்ததை வெட்டுக்கட்டையில் வைத்து நடுவில் கீறி, புத்தகம் மாதிரி விரித்தேன். 2 கிலோவுக்கு ரெண்டு மணி நேரம் ஆனது. அம்மா ரெண்டு தடவை வந்து, "இன்னுமா வெட்டுறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொழுப்பை ஒரு இழை விடாமல் எடுத்துவிடுங்கள். கொழுப்பு காயாது, வெயிலில் காறிப்போகும். அப்புறம் டப்பா முழுக்க அந்த வாடைதான். எடுத்த கொழுப்பைத் தனியாக உருக்கி வைத்திருக்கிறேன், கத்தரிக்காய் வதக்க ஆகும்.

கிலோவுக்கு 50 கிராம் கல் உப்பு, பொடித்தது. ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், பத்து காய்ந்த மிளகாய் இடித்தது. அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கறியிலிருந்து நீரை வெளியேற்ற இவ்வளவு பாடுபடும்போது நாமே ஈரத்தைக் கொண்டுபோய் ஏன் பூச வேண்டும்? உப்பு பிரட்டி மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூக்கட்டும் நூலை நாலாக முறுக்கிக் கோணி ஊசியில் கோத்தேன். ஒற்றை நூல் கறியை அறுத்துவிடும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. ஒட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் முதலில் கெடும்.

நன்னி சொன்னதை இந்த வருஷம்தான் காதில் வாங்கினேன்: "வெயிலப் பாக்காத அத்தா, காத்தப் பாரு." அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த நேரத்தில் எங்கள் ஊருக்கு மேல்காற்று வரத் தொடங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே காய்ந்த காற்றாகத்தான் இறங்கும். மேகம் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைகூடக் கறி நன்றாக வற்றியது. ஈக்கும் புழுதிக்கும் கொடியைச் சுற்றி நாலு பக்கமும் கொசுவலை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சரத்தோடு உள்ளே கொண்டுவந்து, கூடத்தில் கயிறு கட்டி, ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன்.

தினமும் நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ, முதல் நாள் சாயங்காலம் 1 கிலோ 380 கிராம். ரெண்டாம் நாள் 980. மூன்றாம் நாள் 790. நாலாம் நாள் மத்தியானம் 720, அப்போதுதான் முறிந்தது. முதல் நாள் இறக்கம்தான் முக்கியம். அன்றைக்கே மேல்பக்கம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டாம் நாளை நம்பக் கூடாது.

பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்களுக்கு அய்யாமுத் தஷ்ரீக் என்று பேர். கறியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வெயிலில் காயவைத்ததால் வந்த பெயர் அது என்று விளக்கம் சொல்வார்கள். சின்ன வயசிலிருந்து இந்த நாட்களில் இறைவனைப் பெருமைப்படுத்தும் தக்பீர் ஓதிக்கொண்டிருக்கிறேன், இந்த அர்த்தம் போன வருஷம்தான் தெரிந்தது. அதே மூன்று நாளில் மாடியில் சரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு நிறைந்துபோனது.

ராத்திரியே கொஞ்சம் சமைத்தோம். வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, அம்மியில் தட்டி நாரைப் பிரித்து, கடலை எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு மொறுமொறுவென்று. குழம்புக்கு உப்பே போடாத பருப்பு. மீதியை மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்க அம்மா சொல்லியிருக்கிறார்.

அடுத்ததாகத் தென்னாப்பிரிக்காக்காரர்களின் பில்டாங் முறையில் ஒரு கிலோ செய்து பார்க்க ஆசை. வினிகரில் பிரட்டி, வறுத்து இடித்த கொத்தமல்லி விதை தூவி, வெயில் இல்லாமல் காற்றிலேயே தொங்கவிடுகிறார்கள். ஆடிக் காற்றுக்குப் பொருத்தமாக இருக்கும். அதற்குக் கொழுப்பில்லாத மாட்டுத்தொடை சொல்லி வைக்க வேண்டும். ஆனால் கொடியில் இன்னும் ஒரு சரம் மிச்சம் இருக்கிறது. கடைசியாக வெட்டியது, கை சலித்துக் கொஞ்சம் தடியாகிவிட்டது. இன்றைக்கும் வளைகிறதே தவிர முறியவில்லை. நாளைக்கும் காற்று இருந்தால் பார்க்கலாம்.