பருந்துக் கணக்கு: ஹாக் மவுண்டன் நாட்குறிப்பு

செப்டம்பர் 14, சனி

பென்சில்வேனியாவின் கெம்ப்டன் ஊரைத் தாண்டி மலை ஏறும்போதே தெரிந்துவிட்டது, இன்று கூட்டம் அள்ளும் என்று. ஒன்பதரைக்கே கார் நிறுத்த இடமில்லை. செப்டம்பர் நடுவில் ஹாக் மவுண்டன் இப்படித்தான். பிராட்விங் பருந்துகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும் சமயம். 1978-இல் இதே செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் 21,448 பிராட்விங் எண்ணியிருக்கிறார்கள். இங்கே வருகிற எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். அதனாலேயே பாதிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

மாமா போன வாரம்தான் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார். முழங்கால் சரியில்லாதவரை வடக்குப் பாறைக்கு ஏற்ற முடியாது, பாதை கல்லும் வேருமாகக் கிடக்கும். நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தெற்குப் பாறையில் உட்கார்ந்தோம். எதிரே பள்ளத்தாக்கில் பனியுகத்துப் பாறாங்கற்கள் காட்டுக்குள் ஆறு மாதிரி வளைந்து கிடக்கின்றன. பெயரே கல் ஆறு என்றுதான். "தண்ணி எங்கம்மா?" என்று கேட்டார் மாமா. பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் அணைகளோடு கிடந்தவர், வேறு என்ன கேட்பார்.

பதினொரு மணி வரை வானம் காலி. வெயில் ஏறிச் சரிவுகள் சூடாகி, வெப்பக்காற்று மேலே கிளம்பிய பிறகுதான் முதல் 'கெட்டில்' தெரிந்தது, பருந்துகள் கூட்டமாகச் சுழன்று ஏறுவதற்கு அப்படிப் பெயர். ஐம்பது அறுபது பருந்துகள் ஒரே வெப்பத்தூணைப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறின. அரைக்கிலோகூடத் தேறாத பறவை. தென் அமெரிக்கா வரை போக வேண்டும். சிறகடித்துக்கொண்டே போனால் கட்டுப்படியாகாது. ஒரு தூணில் ஏறி, உச்சியிலிருந்து சறுக்கி, அடுத்த தூணைப் பிடித்து, இப்படியே நாட்கணக்கில் போகும்.

சுழலும்போது எண்ணக் கூடாது, ஒரே பறவையை மூன்று தடவை எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிச் சறுக்கும். அழுத்த அழுத்த எண் ஏறும் கிளிக்கரை அழுத்த வேண்டியது அப்போதுதான். பக்கத்தில் ஒரு குடும்பம் மேகமே இல்லாத நீல வானத்தைப் பார்த்து, என்ன அருமையான நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணுகிறவர்களைக் கேட்டால் சாபம் என்பார்கள். வெறும் நீலத்தில் உயரப் பறக்கும் புள்ளி கண்ணுக்கே அகப்படாது. பின்னால் ஒரு வெள்ளை மேகம் இருந்தால்தான் பிழைத்தோம்.

திரும்பும்போது மாமா கேட்டார், "இத எண்ணி என்னம்மா செய்யப் போறாங்க?"

"ஆராய்ச்சி மாமா" என்று சமாளித்தேன்.

செப்டம்பர் 21, சனி

நேற்று மழை கொட்டி ஓய்ந்து, இன்று காலையிலிருந்து வடமேற்குக் காற்று. இந்தக் காற்றுக்காகத்தான் காத்திருந்தேன். மாமாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வடக்குப் பாறைக்கு ஏறினேன். 1,521 அடி உயரம். நம் ஊர் மலைகளை நினைத்தால் மேடு என்றுகூடச் சொல்ல மாட்டோம். ஆனால் கிட்டாடினி மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீளமாகப் படுத்துக் கிடக்கிறது, வடமேற்குக் காற்று அதன் விலாவில் மோதி மேலே எழும்புகிறது. அந்தக் காற்றில் ஏறிக்கொண்டால் பறவைக்கு இலவசப் பயணம். கண்மட்டத்தில் போகும், சில சமயம் நம் காலுக்குக் கீழேயே போகும்.

தூரத்து மலைமேடுகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். "மூன்றுக்கு மேலே ஒன்று, இடப்பக்கம் வருகிறது" என்று யாராவது சத்தம் போட்டால் இருபது பைனாகுலர்கள் ஒன்றாகத் திரும்பும். புதியவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நானும் அப்படி விழித்தவள்தான்.

பணியில் இருந்தவர் கழுத்தில் கிளிக்கர்கள் மாலையாகத் தொங்கின. மணிக்கு ஒரு வரி: காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, அப்புறம் ஒவ்வொரு இனமும் எத்தனை. பிராட்விங்கெல்லாம் கிளிக்கரில், மற்றவை நேராகத் தாளில்.

மதியம் ஒரு விராலடிப்பான் பருந்து மீனோடு வந்தது. மீனின் தலை முன்பக்கம் பார்த்திருக்கும்படி இரண்டு காலாலும் பிடித்திருந்தது, காற்று தடுக்காமல் இருக்க. மீன் இன்னும் ஈரமாக மின்னியது. கட்டுச்சோறோடு பயணம் கிளம்பிய ஒரே ஆள் இவர்தான் போல.

செப்டம்பர் 28, சனி

தென்கிழக்குக் காற்று, மூட்டம், தூறல். வேண்டாம் என்று சொல்லியும் மாமா கிளம்பிவிட்டார். தெற்குப் பாறையில் நாங்கள் இருவரும், எண்ணுகிற ஒரு பெண்ணும்தான். முதல் மணி நேரம் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. அந்தப் பெண் தாளில் சைபர் போட்டாள், சைபர் போட்டாள்.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு உட்கார்ந்தார். காரையாறு அணையில் வேலை பார்த்த காலத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டுமாம். மே மாதம் முழுக்க 0.0 எழுதுவாராம். "புதுசா வந்த பையன் ஒருத்தன், மழையே இல்லையே, வாரக் கடைசியில ஒட்டுக்கா எழுதிக்கலாம்னான். விட்டேன் பாரு ஒரு டோஸ்! நீ பாக்கலைன்னா அது சைபர் இல்லடா, வெறும் கோடுன்னேன்."

இரண்டு வாரம் முன்பு எதற்கு எண்ணுகிறார்கள் என்று மாமா கேட்டபோது நான் சொல்லத் தெரியாமல் விழுங்கியது இதைத்தான். மழை நின்றபாடில்லை, பேச்சு பழைய கதைக்குப் போனது. 1929-இல் பென்சில்வேனியாவில் கோஷாக் பருந்தைச் சுட்டுக் கொண்டுவந்தால் 5 டாலர் சன்மானம். கோழியையும் மனிதர்கள் வேட்டையாடும் பறவைகளையும் தின்கிறது என்று அதன் மேல் பழி. சன்மானம் ஒரு இனத்துக்குத்தான் என்றாலும் துப்பாக்கிக்கு இனம் தெரியுமா? இந்த மலைக்கு வந்து கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார்கள். 1932-இல் ரிச்சர்டு பவ், செத்த பருந்துகளைக் காட்டுத் தரையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். படங்களின் சேதி நியூயார்க்கில் ரோஸலி எட்ஜ் அம்மாளை எட்டியது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். 1934-இல் மலையையே, சுமார் 1,400 ஏக்கரை, குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூனைக் காவலுக்கு வைத்தார். புரூனும் மனைவி இர்மாவும் துப்பாக்கியோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சும்மா உட்கார்ந்திருக்காமல் அந்த மனுஷன் போகிற பறவைகளை எண்ணி எழுதினார். போர்க்காலத்தில் அவர் கடற்படைக்குப் போன 1943 முதல் 1945 வரை மட்டும் கணக்கில் கோடு. உலகத்தில் இதைவிட நீண்ட பருந்துக் கணக்கு கிடையாது.

"அந்த அம்மாவுக்கு நல்ல தைரியம்" என்றார் மாமா. பிறகு ஃபிளாஸ்கைத் திறந்து எண்ணுகிற பெண்ணுக்கும் ஒரு டம்ளர் காபி ஊற்றினார்.

அக்டோபர் 5, சனி

பிராட்விங் காலம் முடிந்தது. அவை இப்போது மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கம் இருக்கும். அங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவே வான்வழி குறுகிவிடுவதால் ஒரு சீசனில் 40 லட்சத்துக்கு மேல் வேட்டைப் பறவைகள் போகின்றன. கார்டெல் என்கிற ஊரில் ஹோட்டல் மொட்டைமாடியில் நின்றே எண்ணுகிறார்கள். இங்கே வருடச் சராசரி 18,000 சொச்சம். எண்ணிக்கையில் நாம் அவர்களுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது, வயதில்தான் மூத்தவர்கள்.

வடக்குப் பாறையில் ஒரு கம்பத்தின் உச்சியில் பொம்மை ஆந்தை வைத்திருக்கிறார்கள். பருந்துகளுக்கு ஆந்தை ஜென்ம விரோதி. இன்று ஷார்ப்பிகள் வரிசையாக வந்தன. ஷார்ப்ஷின் என்று முழுப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. நம் ஊர் வல்லூறின் பங்காளி. நாலைந்து சிறகடி, ஒரு சறுக்கல், மறுபடி சிறகடி. ஒரு குஞ்சுப் பருவத்து ஷார்ப்பி மரங்களுக்குள்ளிருந்து கிளம்பி நேராக ஆந்தையின் தலையில் ஒரு அடி வைத்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. மார்பில் பழுப்புக் கோடுகள், குச்சி போன்ற மஞ்சள் கால், மஞ்சள் கண். வயது ஏற ஏற அந்தக் கண் சிவப்பாகிவிடும். திரும்பி வந்து இன்னொரு அடி வைத்தது. ஆந்தை அசையாததில் அதற்கு மகா கோபம்.

ஷார்ப்பி இங்கே முன்னைப் போல வருவதில்லை. குறைந்துவிட்டது என்று உடனே கையைப் பிசையவும் முடியாது. குளிர்காலம் சூடாகிவிட்டது, வீட்டுக்கு வீடு குருவிகளுக்குத் தீனித் தட்டு தொங்குகிறது, தட்டைச் சுற்றி ஷார்ப்பிக்கு இரை. எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? வடக்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் எடுக்கும் பறவைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். ஒரு மலையின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அக்டோபர் 13, ஞாயிறு

நீண்ட வார இறுதி. நிறம் மாறிய இலைகளைப் பார்க்க வந்த கூட்டம், பாறையில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஸ்பீக்கரில் பாட்டு வேறு. கெஸ்ட்ரல் இரண்டே இரண்டு பார்த்தேன். நீண்ட காலக் கணக்கில் சீராக இறங்கிவரும் பறவை இது, காரணம் இன்னதென்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு மணிக்கே இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாமா வடக்குப் பாறைக்கு ஏறினார். நான் தடுத்தேன், என் வீட்டுக்காரர் தடுத்தார், கேட்கவில்லை. கைத்தடி ஒரு கையில், என் தோள் மறு கையில். பாதைப் பெஞ்சு ஒன்றையும் விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, மேலே போய்ச் சேர்ந்ததும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் நாலாம் மேட்டுப் பக்கம் ஏதோ வருகிறது என்று அவர்தான் முதலில் காட்டினார். எண்பதை நெருங்கும் கண். பலகை மாதிரித் தட்டையான சிறகு, ஆடாத அசையாத பறப்பு. வெண்தலைக் கழுகு. ஆனால் தலை வெள்ளையில்லை, உடம்பெல்லாம் பழுப்பு. இந்த வருடத்துக் குஞ்சு. முழு வெள்ளைத் தலை வர சுமார் ஐந்து வருடம் ஆகும்.

எண்ணுகிறவர் எழுதும்போது வயதையும் எழுதியதை மாமா கவனித்துவிட்டார். அது எதற்கு என்றார். அப்போதுதான் சாவகாசமாகச் சொல்ல முடிந்தது. புரூன் ஆரம்பத்திலிருந்தே கழுகுகளில் பெரியது எது, இளசு எது என்று பிரித்து எழுதி வந்தார். 1935 முதல் 1939 வரை பார்த்த கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசு. 1955 முதல் 1959 வரை அது 20 ஆகிவிட்டது. 1957-இல் பெரிய கழுகு 32-க்கு இளசு ஒன்றே ஒன்று. கழுகு நெடுங்காலம் வாழும் பறவை. மொத்தத் தலையை மட்டும் எண்ணியிருந்தால், கழுகுகள்தான் போகின்றனவே என்று எல்லோரும் சும்மா இருந்திருப்பார்கள். குஞ்சு பொரிப்பதே நின்றுகொண்டிருந்தது வயதைப் பிரித்து எழுதியதால்தான் தெரிந்தது. ரேச்சல் கார்சன் 1962-இல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த எண்களை எடுத்துப் போட்டார். டிடிடி என்கிற பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து, முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோனது. 1972-இல் அமெரிக்காவில் டிடிடி பயிர்களுக்குத் தடை ஆனது. 2007-இல் வெண்தலைக் கழுகை அழியும் அபாயப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

"அந்த ஆளு எழுத ஆரம்பிச்சப்ப இந்த மருந்தே வரலையே?" என்றார் மாமா.

"வரலை மாமா. போருக்கு அப்புறம்தான் எல்லா இடத்திலும் அடிச்சாங்க."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார், கடைசி வரை திருப்பித் தரவில்லை.

நவம்பர் 9, சனி

குளிர் எலும்பைக் கடிக்கிறது. கூட்டம் போய்ப் பத்துப் பதினைந்து பேர்தான், எல்லாம் தெரிந்த முகங்கள். என்னைக் கேட்டால் ஹாக் மவுண்டனின் அசல் சீசன் இதுதான். செப்டம்பர் திருவிழா, நவம்பர்தான் கோயில்.

ரெட்டெயில் பருந்துகள் காலையிலிருந்தே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. பாறு ஒன்று அதே இடத்தில் வட்டமடித்து எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மணி சுமாருக்குப் பொன்கழுகு. கிழக்குக் கனடாவிலிருந்து இறங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது, வருவது சொற்பம்தான். வெண்தலைக் கழுகின் இளசோ என்று முதலில் ஒரு வாக்குவாதம். சிறகை லேசாக மேல்நோக்கித் தூக்கியிருந்தது, தலை சின்னது. பாறைக்கு நேராக வந்து ஒரு பக்கம் சாய்ந்தபோது பிடரியில் வெயில் பட்டுத் தேன் நிறம் தெரிந்தது. வால் அடியில் துளிகூட வெள்ளையில்லை. "பெரியது" என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எண்ணுகிறவர் உடனே எழுதவில்லை. பைனாகுலரில் அது தெற்கு வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, சிறகின் அடியையும் மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். மாமா அவர் தோளுக்குப் பின்னால் நின்று தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், பழைய உத்தியோகப் புத்தி.

மாமாவுக்கு வியாழக்கிழமை விமானம். எண்ணிக்கை டிசம்பர் 15 வரை ஓடும், அன்றாடக் கணக்கை இணையத்தில் போட்டுவிடுவார்கள் என்று காரில் வரும்போது சொன்னேன். அந்த லிங்க்கை இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றேன். சரி என்றவர், பக்கத்து ஊரான ஹாம்பர்க்கைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை ஞாபகப்படுத்திவிட்டார்.