பதினாலு படி

அம்மா இன்றைக்கும் படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். கைலியின் பின்பக்கம் நைந்தே போய்விட்டது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் நாற்பது வருஷம் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன கால்.

படியில் ஓடும் நாற்காலிக்கு விலை கேட்டேன். நேர்ப்படி என்றால் தண்டவாளத்தை அளவுக்கு வெட்டிப் பொருத்திவிடலாமாம். எங்கள் படி நடுவில் திரும்புகிறது, அதற்கென்றே வளைத்துச் செய்ய வேண்டும், விலை எங்கேயோ போகிறது. அப்புறம் வேறு வீட்டுக்கும் அது பொருந்தாது.

அம்மாவுக்கு ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தால், பெற்றோருக்கு வாங்கும் அடிப்படைத் துணைக்கருவிக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவு உண்டு. சரி, ஆனால் அது கழிவுதான், கையில் வரும் பணமில்லை. வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளமே இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

“எனக்கு எதுக்குய்யா அவ்வளவு காசு” என்கிறார் அம்மா, கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டே.