டீ குடிக்கப் போகும் முன் ஒரு பூட்டு

தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மேசையில் இருப்பது ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப், 2 ஜிபி ராம், விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ். அதன் திரையில் நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு விஷயம்தான் ஓடும். ஆதார், பேங்க் பாஸ்புக், மருத்துவ ரிப்போர்ட், மனு.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவருக்கு, கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான உதவித்தொகை கேட்டு மனு அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்காரர் எப்போது போனார், யாரோடு போனார் என்பது வரை அதில் இருந்தது. பாதியில் எழுந்து எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்த பையன் என் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். "இன்னாண்ணா, இது நம்ம பின்தெரு அக்கா வூட்டு மேட்டரா?" என்று கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

மறுநாள் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அந்தப் பொட்டிக்குப் பூட்டுனு ஒண்ணு கெடையாதா தம்பி?" என்றார்.

இருக்கிறது. அன்று ராத்திரியே தேடினேன். முதலில் கிடைத்தது எக்ஸ்டிஆர்லாக் என்ற பூட்டு நிரல். கீபோர்டும் மவுஸும் பூட்டிக்கொள்ளும், ஆனால் திரையில் இருப்பது அப்படியே தெரியும். மனு பளிச்சென்று தெரிந்தால் பூட்டி என்ன பயன்? அப்புறம் ஸ்லாக் என்ற இன்னொரு பூட்டு நிரலைப் போட்டேன். டெபியனில் சக்லெஸ் டூல்ஸ் என்ற பொதிக்குள் வருகிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஸ்லாக் என்று அடித்து என்டர் தட்டினால் திரை முழுக்கக் கறுப்பு. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி கூட கிடையாது. அடிக்க ஆரம்பித்தால் நீலமாகும், தப்பாக அடித்தால் சிவப்பாகும், சரியாக அடித்தால் திறந்துவிடும். பூட்டியிருக்கும்போதும் பின்னால் வேலை நிற்காது. 40 பக்கம் பிரின்ட் கொடுத்துவிட்டுப் பூட்டினாலும் தாள் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். டீ குடித்துவிட்டு வந்து பாஸ்வேர்டு அடிக்கிறேன், சிவப்பு. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாலும் சிவப்பு. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வெறும் எழுத்துத் திரையான டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போய் லாகின் செய்து, சூடோ என்ற நிர்வாகிக் கட்டளை போட்டு ஸ்லாக்கை நிறுத்தினேன். திரை திறந்ததும்தான் புரிந்தது. மனுவைத் தமிழ்99 கீபோர்டு அமைப்பில் அடித்துக்கொண்டிருந்தபோது அப்படியே பூட்டியிருக்கிறேன். லேஅவுட் தமிழிலேயே நின்றுவிட்டது. நான் அடித்த ஒவ்வொரு எழுத்தும் தமிழாகப் போயிருக்கிறது, திரையிலோ ஒன்றும் தெரியாது. தமிழில் டைப் செய்கிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். இப்போது இரண்டு வரிக் கட்டளையை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றும், இரண்டாவது வரி பூட்டும். விண்டோஸ் கீயும் எல்லும் சேர்த்து அழுத்தினால் அது ஓடும். நான் மறந்து எழுந்துவிட்டாலும், 3 நிமிஷம் யாரும் தொடாவிட்டால் எக்ஸ்ஆட்டோலாக் என்ற நிரல் அதே ஸ்கிரிப்டை ஓட்டிவிடும்.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. காலையில் எஃப்2 கன்சோலில் நுழைந்த நான் அங்கே லாக்அவுட் செய்யவே இல்லை. முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைக்கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. ஸ்லாக்கின் கையேட்டிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். திரையை நடத்தும் எக்ஸ் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் டோன்ட்விடிஸ்விட்ச், டோன்ட்சாப் என்ற இரண்டையும் போட்டுவிட்டால் கன்சோலுக்குத் தாவவும் முடியாது, கீயை அழுத்தி எக்ஸைக் கொல்லவும் முடியாது. போட்டுவிட்டேன். மறுபடி மாட்டிக்கொண்டால் போனிலிருந்து நெட்வொர்க் மூலம், எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகலாம்.

போன வாரம் அக்கா மனுவுக்கு இன்னொரு நகல் கேட்டு வந்தார். "இன்னா தம்பி, கம்ப்யூட்டர் ஓடலியா?" என்றார். "ஓடுதுக்கா. பூட்டி வெச்சிருக்கேன்" என்றேன். நான் அடிக்க ஆரம்பித்ததும் திரை நீலமானது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, மானிட்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.