கல்லடி வளவில் ஓர் ஆமை

ஜூலை 21, 2024, ஞாயிறு

காலையில் புளியந்தீவில் இருந்து ஓர் அக்கா கோல் எடுத்தார். "தம்பி, நீங்க ஆமை எடுப்பீங்களாமே? நாங்க அடுத்த மாதம் கனடாவுக்குப் போறம். இதைக் கொண்டுபோக ஏலாது."

பின்னேரம் போனேன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. ஏறி இருந்து வெயில் காய ஒரு கல்கூட இல்லை. உள்ளே சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு சிவப்புக் காது ஆமை. ஆறு வருடத்துக்கு முன் வாங்கும்போது ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாம். "இதுக்கு மேல வளராது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பெட்டை ஆமை ஓர் அடிக்குக் கிட்ட வளரும். நன்றாகப் பார்த்தால் 30 வருடம் இருக்கும். அதை யாரும் சொல்லவில்லை.

கண் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன. ஓட்டின் ஓரத்தைப் பெருவிரலால் மெல்ல அமத்தினேன். பிளாஸ்டிக் மூடி மாதிரி உள்ளே போய் வந்தது. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

அக்கா கவனிக்காமல் விட்டவர் இல்லை. வெயில் படட்டும் என்றுதான் தொட்டியை ஜன்னலோரம் வைத்திருக்கிறார். ஆனால் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அந்தக் கதிர் படாவிட்டால் உடம்பில் விட்டமின் டி உண்டாகாது, அது இல்லாமல் கல்சியம் ஓட்டில் சேராது. சாப்பாடும் ஆறு வருடமாகக் காய்ந்த கூனி மட்டும்தான். விட்டமின் ஏ குறைந்தால் கண் இப்படித்தான் வீங்கும்.

ஒன்பது வயது மகன் தொட்டியை விட்டு அசையவே இல்லை. "சின்னான் செத்துப் போயிருமா மாமா?" என்று கேட்டான். சாக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கலாமோ தெரியாது.

ஜூலை 22

மிருக வைத்தியரிடம் காட்டினேன். கண்ணுக்கு மருந்து தந்தார். விட்டமின் ஏ ஊசியை நாமாகப் போடக் கூடாது. அளவு கூடினால் தோல் உரிந்துவிடும். முன்னங்கால் நகம் கட்டை, வாலும் கட்டை. சின்னான் பெட்டை.

ஜூலை 25

கடற்கரையில் நாலைந்து கணவாய் ஓடு பொறுக்கினேன். உப்புப் போக ஊறவைத்துக் காயவிட்டிருக்கிறேன். இதைவிட நல்ல கல்சியம் கடையில் இல்லை. ஆமையை விட்டிருக்கும் என் வளவுச் சீமெந்துத் தொட்டியில் காலை ஏழு மணியில் இருந்து வெயில் விழுகிறது. பாதியைக் கிடுகால் மூடினேன், மட்டக்களப்பு உச்சி வெயிலில் நிழல் இல்லாவிட்டால் வெந்துபோகும்.

ஜூலை 28

அக்காவும் அவர் அம்மாவும் மகனோடு வந்தார்கள். மாமாங்கக் கோயிலில் திருவிழா நடக்கிறது. "தீர்த்தக்குளத்தில விட்டா புண்ணியம்தானே தம்பி?" என்று அம்மா கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"வேண்டாம் அம்மா" என்றேன். இதன் ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். உலகத்தில் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. நம் குளங்களில் பாலாமையும் காராமையும் இருக்கின்றன. இது போய் அவற்றின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், இல்லாத நோயையும் கொண்டுபோய் ஒட்டும். குளத்திலோ வாவியிலோ விடுவது விடுதலை இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நீங்களே வைச்சிருங்க" என்றார்.

இதற்கிடையில் மகன் ஆமையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டான்! கையையும் வாயையும் சோப் போட்டுக் கழுவ வைத்தேன். ஆமையின் மேல் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். பிள்ளைகளுக்கு அது தொற்றுவதால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டார்கள்.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

தீர்த்தத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வலது கண் திறந்திருக்கிறது. கங்குன் இலை ஒன்றைக் கிழித்துப் போட்டேன். முதலில் மூக்கால் தள்ளியது. மறுகா ஒரு கடி.

ஆகஸ்ட் 18

நேற்று அவர்கள் பயணம் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 15

ஆரையம்பதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆமையைக் கேட்டிருந்தார். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். சுற்றுமதில் இருக்கிறது, வாய்க்காலுக்குப் போக ஓட்டை இல்லை, தொட்டி என்னுடையதைவிடப் பெரிது. ஓரத்தில் மணல் கொட்டச் சொன்னேன். கடுவன் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். அடுத்த கிழமையே ஒரு லோட் மணல் பறித்துவிட்டார்! சின்னானைக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 20

ஆரையம்பதிக்குப் போய் அங்கிருந்து மகனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். தடித்த ஜக்கெட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. சின்னான் கல்லில் ஏறி, பின்னங்காலை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஓட்டை அமத்திக் காட்டுங்க மாமா."

போனை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, அதே ஓரத்தைப் பெருவிரலால் அமத்தினேன். உள்ளே போகவில்லை.

"இன்னொருக்கா" என்றான்.