கோவர் தெருவில் ஒரு குளியல் தொட்டி

லண்டனில் கிடைத்த ஒரே ஓய்வு நாளை, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு மாடலாக இருந்த எலிசபெத் சிடலுக்கென்றே வைத்திருந்தேன். பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி டேட் பிரிட்டன் ஓவியக் கூடம் வரை நடை. உள்ளே போகக் கட்டணமில்லை. நேராக ஜான் எவரெட் மில்லேயின் 'ஒஃபீலியா' முன்னால் போய் நின்றேன்.

ஹாம்லெட் நாடகத்தில் நீரில் மூழ்கிச் சாகிறவள் ஒஃபீலியா. ஓவியத்தில் வாய் லேசாகத் திறந்தபடி மிதக்கிறாள். பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து குனிந்து பூக்களைப் பார்த்தார்கள். எனக்கு அந்த முகத்தை விட்டுக் கண் நகரவில்லை. அது எலிசபெத்தின் முகம். லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர்.

ஓடையையும் கரையையும் 1851இல் சர்ரே கிராமப்புறத்தில் உட்கார்ந்து வரைந்துவிட்டு வந்தார் மில்லே. எலிசபெத்தை வரைந்தது குளிர்காலத்தில், கோவர் தெரு 7ஆம் எண் வீட்டில். 4 பவுண்டுக்கு வாங்கிய பழைய ஜரிகை கவுனை உடுத்தித் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வேண்டும். தண்ணீர் ஆறாமலிருக்க அடியில் விளக்குகள். ஒருநாள் அவை அணைந்துபோயின. வரைவதில் மூழ்கியிருந்த மில்லே கவனிக்கவில்லை. எலிசபெத்தும் வாய் திறக்கவில்லை. கடும் சளி பிடித்துப் படுத்துவிட்டார். வைத்தியச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டார் அவருடைய அப்பா. மில்லே அதைவிடக் குறைவாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்.

ஏன் சொல்லவில்லை? அசையாமல் இருப்பதுதான் மாடலின் வேலை, அதற்குத்தான் கூலி. கடையில் கால் கடுக்க நின்று பழகிய பெண், குளிரையும் வேலையோடு சேர்த்துத்தான் எண்ணியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் கோவர் தெருவுக்குப் போனேன். 1848இல் ப்ரீ-ரஃபேலைட் ஓவியர் குழு இங்கே தொடங்கியது என்கிறது சுவரிலுள்ள பலகை. தொட்டியில் கிடந்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மனசு கனத்துப்போனது.

கடைசியாக ஹைகேட் கல்லறைத் தோட்டம். ஓவியர் ரொசெட்டியை 1860இல் மணந்த எலிசபெத், 1862 பிப்ரவரியில் அபின் கலந்த மருந்து அளவு மீறி இறந்தபோது வயது 32. இங்கே ரொசெட்டி குடும்பக் கல்லறையில் இருக்கிறார். தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்த கணவர், 1869இல் அதை எடுக்கக் கல்லறையைத் திறக்க வைத்தார். ரொசெட்டி புதைக்கப்பட்டதோ கென்ட் கடற்கரையில்.

எலிசபெத்தும் ஓவியர்தான். 1855இல் கலை விமர்சகர் ரஸ்கின் அவருடைய படங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு தர முன்வந்தார். தன்னைத்தானே வரைந்த வட்ட வடிவப் படம் ஒன்று உண்டு. ஹைகேட் மேட்டிலிருந்து இறங்கும்போது போனில் அதைத் திறந்தேன். பூ இல்லை, ஜரிகை இல்லை. கனத்த இமைகளோடு நேராக என்னைப் பார்த்தார்.