பரதப் பரீட்சை: கால் மட்டும் பழகினால் போதாது

வட இலங்கை சங்கீத சபையின் பரதப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தங்கச்சிமார் கொழும்பில் நிறையப் பேர். நன்றாக ஆடுகிறவர்களுக்கும் புள்ளி குறைவது, பரீட்சகர் "சரி, இந்தக் கோர்வையைத் தாளம் போட்டுச் சொல்லுங்கோ" என்று அடவுத் தொடரை வாயால் சொல்லக் கேட்கிற இடத்தில்தான்.

இதில் வெள்ளவத்தைத் தொடர்மாடி எனக்குக் கைகொடுத்தது. இரவில் காலால் தட்டி ஆடினால் கீழ்வீட்டு ஆன்ரி மேலே வந்துவிடுவா. அதனால் கட்டிலில் இருந்தபடியே தொடையில் ஆதி தாளம் போட்டுச் சொல்லுக்கட்டு (ஆடலுக்குரிய தாளச் சொற்கள்) சொல்லிப் பழகினேன். தாளத்தின் முதற் பகுதியான லகுவுக்கு ஒரு தட்டும் மூன்று விரலும், அப்புறம் வரும் இரண்டு திருதப் பகுதிகளுக்கும் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. காலம் என்பது வேகம்: முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சொல் என்றால் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. எல்லாரும் மூன்றாம் காலத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் அங்கிருந்து முதற்காலத்துக்கு இறங்கும்போதுதான் கை தன்பாட்டில் ஓடும். அந்த இறக்கத்தை மட்டும் தனியாகப் பழகுங்கள். அது பிடிபட்டால் அறிமுறையில் (எழுத்துப் பரீட்சையில்) தாளக்குறிப்பு எழுதுவதும் சுலபம். இடக்கை தாளம் போட, வலக்கை எழுதும்.

வரலாற்றுக் கேள்விக்கு "கோயிலில் வளர்ந்த தெய்வீகக் கலை" என்று பந்தி பந்தியாக எழுதிப் பயனில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்லும் 400 தளிச்சேரிப் பெண்டுகளிலிருந்து (கோயிலில் ஆடிய பெண்கள்) தொடங்குங்கள். பிறகு, 19ஆம் நூற்றாண்டில் அலாரிப்பு முதல் தில்லானா வரையான மார்க்கத்தை, அதாவது கச்சேரி உருப்படிகளின் வரிசையை, ஒழுங்குபடுத்திய தஞ்சைச் சகோதரர் நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பிறகு 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா நடனப் பள்ளி, 1947இல் பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடைசெய்த மதராஸ் தேவதாசிச் சட்டம். கரணம் என்ற ஆடல் அசைவுகளைக் காட்டும் சிற்பங்கள் தஞ்சையில் 81, சிதம்பரத்தில் 108. பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள். தேவதாசிகளை ஒரே வரியில் கடந்துபோகும் விடைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கலையைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களே அவர்கள்தானே? அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் பெயரையாவது எழுதுங்கள்.

நாட்டிய நூலான அபிநய தர்ப்பணத்தின் 28 ஒற்றைக்கை முத்திரைகளுக்குப் பெயர் மட்டும் பாடமாக்கினால் போதாது. விநியோகம் (முத்திரை எதையெதைக் குறிக்கும் என்பது) சொல்லும்போது கையும் அதைக் காட்ட வேண்டும். பஸ்ஸில்கூடப் பழகலாம், பக்கத்து சீற்றில் இருப்பவர் பார்ப்பார், பரவாயில்லை.

செயன்முறைப் பரீட்சையன்று காலி வீதி நெரிசலைக் கணக்கில் எடுத்து நேரத்தோடு புறப்படுங்கள். புதுச் சேலை வேண்டாம், பழகிய ஒத்திகைச் சேலையே நல்லது. வெறும் வயிற்றோடு போனால் அரைமண்டி (முழங்கால் மடித்து நிற்கும் நிலை) நிற்காது; நாலு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.